சித்திரை வெயிலில் ஒரு கணப்பு அடுப்பு

அன்புள்ள இளங்கோ,

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குப் பெருமை சேர்ப்பதை மட்டும் எழுதிவிட்டு, தலைகுனிய வைத்ததை விட்டுவிட மாட்டேன். போன வெள்ளிக்கிழமை ஷெட்டில் என்ன நடந்தது என்று நீ போனில் கேட்டாய். கடிதம் போடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். உனக்கு வருத்தமாகக்கூட இருந்திருக்கும். ஆனால் போனில் சொன்னால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும், நானும் முக்கியமானதை விட்டுவிட்டு முடிவை மட்டும் சொல்லிவிடுவேன். முடிவைவிட அதற்குப் போன வழிதான் நீ தெரிந்துகொள்ள வேண்டியது. வைகாசியில் உனக்குக் கல்யாணம். அதற்கு முன் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்றும் எனக்கு இருக்கிறது.

நமக்குள் என்ன பேச்சு இருந்தது என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். தை மாதம் உன் நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள் ஷெட்டுக்கு வந்தாய். சட்டையெல்லாம் மரத்தூள் படிய ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு, இன்னும் எத்தனை நாள்தான் இதைக் கட்டிக்கொண்டு அழப் போகிறாய் என்று கேட்டாய். பெங்களூர் வீட்டில் பால்கனி பக்கத்து அறை எனக்குத்தான் என்றாய். நீ சொன்னதில் பொய் இல்லை. திண்டிவனத்தில் நம்மிடம் பெல்லட் வாங்கிய இரண்டு மெஸ்காரர்கள் மறுபடி சிலிண்டருக்குப் போய்விட்டார்கள். மெஷின் வாரத்தில் மூன்று நாள் சும்மா நின்றது. செல்வி, பர்வீன் இன்னும் மூன்று பேர், எல்லாரும் வேலை இல்லாத நாளிலும் வந்து உட்கார்ந்திருந்து போனார்கள். அதனால் நான் உனக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். உன் கல்யாணத்துக்குள் நிலையான ஆர்டர் ஒன்று வராவிட்டால், ஷெட்டை உரியவரிடம் ஒப்படைத்துவிட்டு உன்னோடு வந்துவிடுகிறேன் என்றேன். சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். நீ போன பிறகு மெஷினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். உன் பால்கனி அறையை நான் குறை சொல்லவில்லை. அந்த அறையில் நான் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை, அவ்வளவுதான்.

காவ்யாவும் இதைப் படிப்பாள் என்பதால் நம் தொழிலைப் பற்றி நான்கு வரி. மரம் அறுக்கும் மில்லிலிருந்து மரத்தூள் வாங்கி, வெயிலில் காயவைத்து, கொஞ்சம் மல்லாட்டைத் தோலை, அதாவது வேர்க்கடலைத் தோலைப் பொடித்துக் கலந்து, மெஷினில் அழுத்தினால் பென்சில் பருமனில் துண்டு துண்டாக வந்து விழும். அதுதான் பெல்லட். மெஸ், டீக்கடை, கல்யாண மண்டபம் இங்கெல்லாம் ஃபேன் வைத்த அடுப்பில் இதைப் போட்டு எரிக்கிறார்கள். புகை குறைவு, விறகுபோல் வெட்டவோ ஊதவோ வேண்டாம். மயிலம் போகும் ரோட்டில் பஸ்ஸிலிருந்து பார்த்தால் நம் ஷெட்டின் தகரக்கூரை தெரியும்.

கோத்தகிரியிலிருந்து ராஜலிங்கம் என்பவர் கூப்பிட்டது பங்குனி கடைசியில். மலை ஊர் வீடுகளுக்கு அறையைச் சூடாக்கும் அடுப்பு விற்கிறவர். கணப்பு என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன், ஆனால் கண்ணால் பார்த்ததில்லை. அதுவும் பெல்லட்டில் எரிகிறதாம். வடக்கேயிருந்து அவருக்குப் பைன் மரப் பெல்லட் வருகிறது. நல்ல சரக்கு, ஆனால் குளிர் அதிகமாக இருக்கும் மாதத்தில்தான் லோடு வராமல் போகிறது. பக்கத்திலேயே யாராவது ஒழுங்காகச் செய்தால் ஆவணி முதல் மாசி வரை மாதாமாதம் எடுத்துக்கொள்கிறேன் என்றார். விழுப்புரம் பக்கத்துப் பெரிய கம்பெனி ஒன்றின் சரக்கையும் நம் சரக்கையும் ஒரே நாளில், ஒரே அடுப்பில், தன் கண்முன்னால் எரித்துப் பார்க்க வேண்டும் என்றார். நான் சம்மதித்தேன். அவர் சொன்ன தேதி உன் கல்யாணத்துக்குச் சரியாக ஒரு மாதத்துக்கு முன்னால் இருந்தது. இது போனால் இன்னொன்று வர நேரமில்லை என்று எனக்குத் தெரியும். செல்விக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு பிக்கப் வண்டி வந்தது. பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி, கயிறு கட்டி, நம் ஊர் பீரோவில் பாதி உயரத்துக்கு ஒரு கறுப்பு அடுப்பு. முன்னால் கண்ணாடிக் கதவு, மேலே பெல்லட் கொட்டும் தொட்டி, உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இரும்புக் கிண்ணம். தொட்டியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பெல்லட் அந்தக் கிண்ணத்தில் தானே விழும். அங்கே எரியும் சூட்டை ஃபேன் அறைக்குள் தள்ளும். நான்கு பேர் பிடித்து இறக்குவதற்குள் எல்லாருக்கும் வியர்த்து ஊற்றியது. சித்திரை வெயில், கேட்கவா வேண்டும்? செல்விக்கு வாய் சும்மா இருக்குமா?

"இன்னா சார், எங்க ஊருக்குப் போயி ஹீட்டரு எத்துக்கினு வந்துருக்கறீங்க? நாங்களே ஹீட்டருக்குள்ளதான் குடும்பம் நடத்திக்கினு இருக்கறோம்" என்றாள்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "குளிர் எங்க ஊர்லதாம்மா இருக்கு. பெல்லட் உங்க ஊர்ல இருக்கு. யாராவது ஒருத்தர் இறங்கி வரணுமில்லீங்களா" என்றார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப் போயிற்று. அவரும் நம்மைப்போல வேலையைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புகிறவர்.

என்னுடைய முதல் தவறு அதற்கு முந்தின நாளே நடந்துவிட்டது. எந்த மூட்டையைக் கொடுப்பது என்று நாங்கள் கூடிப் பேசினோம். மல்லாட்டைத் தோல் கூடுதலாகக் கலந்த மூட்டையைத்தான் எடுத்து வைத்தேன். மெஸ் மாஸ்டர்கள் அதைத்தான் கேட்டு வாங்குவார்கள். போட்ட உடனே தீ தவலைக்கு மேல் எழும்பும். தீ எழும்பினால் சரக்கு நல்லது. இத்தனை வருஷமாக எங்களுக்குத் தெரிந்த அளவுகோல் அதுதான். ஒரு வீட்டுக் கூடத்தில், குழந்தை தூங்கும் அறையில் எரியப் போகிற அடுப்புக்கும் அதே அளவுகோலை வைத்தேன். அங்கே என்ன வேண்டும் என்று அவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே என்ற வீம்பு.

முதலில் கம்பெனிச் சரக்கை எரித்தார். அழகான துண்டுகள், ஒரே நீளம், பையின் அடியில் தூளே இல்லை. என் நோட்டில் அதை அப்படியே எழுதினேன். இரண்டு மணி நேரம் நிற்காமல் எரிந்தது. ஆனால் எரிய எரிய பாலிஷ் போட்ட பலகையைத் தீயில் காட்டியதுபோல ஒரு நெடி. பர்வீன் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். பிளைவுட் தூள் கலந்திருக்கும் என்று ராஜலிங்கம் சொன்னார். கோட்டக்குப்பத்தில் தன் மாமனார் வீட்டில் பழைய கதவை உடைத்து எரித்தபோது இதே நாற்றம்தான் என்று பர்வீன் என் காதில் சொன்னாள். நாங்கள் இருவரும் கொஞ்சம் சந்தோஷப்பட்டோம். அதையும் எழுதிவிடுகிறேன்.

அடுத்தது நம்முடையது. தொட்டியில் கொட்டி, பற்றவைத்த ஐந்தாவது நிமிடம் கண்ணாடி முழுக்கத் தீ. செல்வி கைதட்டினாள். நான் ராஜலிங்கத்தின் முகத்தைப் பார்த்தேன். அவர் தீயைப் பார்க்கவில்லை, கிண்ணத்தின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரைமணி நேரத்தில் கண்ணாடி ஓரத்தில் கறுப்பு ஏறியது. ஃபேன் மூச்சு வாங்குவதுபோல் சத்தம் போட்டது. ஐம்பதாவது நிமிடத்தில் அடுப்பில் சிவப்பு விளக்கு எரிந்து, பீப் பீப் என்று கத்தி, தானாக நின்றுவிட்டது. சூடு ஆறியதும் அவர் இடுக்கியை விட்டுக் கிண்ணத்திலிருந்து எதையோ பெயர்த்து எடுத்தார். மெதுவடை அளவுக்கு ஒரு கல். சாம்பல் உருகி இறுகிப்போன கல். அதுதான் காற்றுப் போகும் ஓட்டைகளை எல்லாம் அடைத்திருந்தது.

"மெஸ்ல மாஸ்டர் கம்பியை விட்டுக் குத்தி எடுத்துருவார்மா. அதனால உங்களுக்கு இது தெரிஞ்சிருக்காது. எங்க ஊர்ல வயசானவங்க ரெண்டு பேர் மட்டும் இருக்கிற வீடு எத்தனையோ இருக்கு. ராத்திரியில அடுப்பு நின்னுபோனா அவங்க எழுந்து கல்லு நோண்ட முடியாது, குளிர்ல கிடப்பாங்க" என்றார்.

குரலில் கோபமே இல்லை. அதனால்தான் எனக்கு அதிகமாக உறைத்தது. நெடி இல்லாமல் அனுப்ப முடியுமா என்று கம்பெனியிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, டிரைவரைப் பார்க்கத் திரும்பினார். செல்வி என் முகத்தைப் பார்த்தாள். அந்த நேரத்தில் எனக்கு உன் பால்கனி அறைதான் கண்முன் வந்தது. திரைச்சீலைகூடப் போட்டிருந்தது.

நான் அவரிடம் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். மணி ஒன்று ஆகியிருந்தது. பசி நேரத்தில் யாரும் மறுக்க மாட்டார்கள். பர்வீன் வீட்டிலிருந்து பெரிய டிபன் கேரியரில் பிரிஞ்சி கொண்டுவந்திருந்தாள். அவர் சாப்பிடும் நேரம் மட்டும்தான் எனக்கு மிச்சம். அந்தக் கல்லை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன்.

நான் இப்போது தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதப் போவது உனக்குத் தெரியும். அறிவியல் செய்முறை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்ததும் தெரியும். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் நாற்பத்தேழு வயதில் உட்கார்ந்திருப்பதை நினைத்து நீ சிரித்தாய். நானும்தான் சிரித்தேன். ஆனால் எனக்கு அந்த வகுப்பு அவ்வளவு பிடித்திருந்தது. ஒன்பதாவதில் பாதியில் மூடிய புத்தகத்தை அதே பக்கத்தில் திறந்ததுபோல் இருந்தது. அங்கே நோட்டில் மூன்று கட்டம் போடச் சொல்வார்கள். சோதனை, காண்பன, அறிவன. காண்பன என்ற கட்டத்தில் கண்ணால் கண்டதை மட்டும்தான் எழுத வேண்டும், கண்டிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதை எழுதக் கூடாது. முதல் நாளே இந்த விதியைச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. ஏன் தெரியுமா? உன் ஆறாம் வகுப்பு நினைவுக்கு வந்தது.

விதை முளைக்கும் சோதனைக்காகப் பத்து மல்லாட்டைப் பயிறை ஈரத்துணியில் சுற்றி வைத்தாய். மூன்றுதான் முளைத்தது. நீ நோட்டில் மூன்று என்று எழுதியிருந்தாய். நான் அதை அழிக்கச் சொன்னேன். கைடில் பத்தும் முளைக்கும் என்று போட்டிருக்கிறது, பத்து என்றே எழுது, யாரும் வந்து எண்ண மாட்டார்கள் என்றேன். அந்த ஏழு என்ன ஆச்சும்மா என்று நீ கேட்டாய். நான் ரப்பரை எடுத்து உன் கையில் கொடுத்தேன். நீ பத்து என்று எழுதி, நல்ல மதிப்பெண் வாங்கி வந்தாய். அந்தப் பயிறு, உன் அப்பா விதைக்கென்று வாங்கி வைத்திருந்த மூட்டையிலிருந்து எடுத்தது. அந்த ஆடியில் அப்பா அதைத்தான் கொல்லையில் விதைத்தார். பாதிக்கு மேல் முளைக்கவே இல்லை. மழையைக் குறை சொன்னோம், கடைக்காரரைக் குறை சொன்னோம். உன் நோட்டு முதலிலேயே நமக்குச் சொல்லியிருந்தது, நான்தான் அதை அழிக்க வைத்தேன். அப்பா இறந்து இத்தனை வருஷம் ஆகியும் அவரிடம் நான் சொல்லாதது இது ஒன்றுதான். உன்னிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

அதனால் வெள்ளிக்கிழமை அந்தக் கல்லைப் பார்த்தபோது, அது இல்லாததுபோல் நடந்துகொள்ள என்னால் முடியவில்லை. சுத்தியால் உடைத்தேன். உள்ளே பாட்டில் கண்ணாடி உடைந்ததுபோல் பளபளப்பு. மரத்தூள் எரிந்து கண்ணாடியாகாது. உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. அப்போது பர்வீன் எங்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள். பின்பக்கத்தில் ஒரு சின்னப் பெல்லட் அடுப்பு வைத்திருக்கிறோம். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"நீ இந்த அடுப்புல கல்லு எடுத்திருக்கியாடி?" என்று கேட்டேன்.

"இல்லியேக்கா. ஐப்பசிலேர்ந்து எரிச்சுக்கினு இருக்கறேன், மாவு மாதிரி சாம்பல்தான் வருது."

அந்த அடுப்பில் எரிவது, மெஸ் மாஸ்டர் ஒருவர் திருப்பி அனுப்பிய மூட்டைகள். தீயே எழும்பவில்லை என்று திட்டித் திருப்பினார். வெட்கப்பட்டு ஓரமாக அடுக்கி வைத்து, டீக்கு மட்டும் எடுத்துக்கொண்டிருந்தோம். அடைமழையில் செய்த சரக்கு அது. அந்த நேரத்தில் மல்லாட்டைத் தோல் கிடைக்கவில்லை, வெறும் மரத்தூள்தான். வெளியே காயவைக்க வழியில்லாமல், ஷெட்டுக்குள் பழைய புடவைகளை விரித்து, ஃபேன் போட்டு உலர்த்தினோம். ஆக வித்தியாசம் இரண்டு. ஒன்று தோல், இன்னொன்று காயவைத்த இடம். எது கல் செய்கிறது?

இரண்டு சருவத்தில் வெந்நீர் எடுத்தேன். ஒன்றில் நல்ல பெல்லட் என்று நான் நினைத்ததையும், இன்னொன்றில் திருப்பி வந்ததையும் போட்டேன். கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஊறி, கேப்பைக்கூழ்போலக் கரைந்தன. பிறகு அரிசியில் கல் அரிப்போமே, அதேபோல் சருவத்தைச் சாய்த்துச் சாய்த்து ஆட்டி அரித்தேன். தூள் மிதந்து தண்ணீரோடு போயிற்று. திருப்பி வந்த சரக்கின் சருவத்தில் அடியில் ஒன்றுமில்லை. நம் நல்ல சரக்கின் சருவத்தில் அடியில் செம்மண். விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்றது. மயிலம் ரோட்டு மண், இளங்கோ. நாம் மல்லாட்டையை எப்படிக் காயவைப்போமோ அப்படியே மரத்தூளையும் ரோட்டோரத்திலும் களத்திலும் கொட்டிக் காயவைத்து, சாயங்காலம் விளக்குமாற்றால் கூட்டி அள்ளியிருக்கிறோம். மல்லாட்டையில் மண் ஒட்டினால் புடைத்துவிடலாம். மரத்தூளை எப்படிப் புடைப்பது? பயிர் செய்தவர்களின் பழக்கத்தை அப்படியே தொழிலுக்குக் கொண்டுவந்துவிட்டோம். ஒரு பிடிகூட வீணாகக் கூடாது, கடைசித் தூள் வரை கூட்டி அள்ளுங்கள் என்று தினமும் சொன்னது நான். எது என் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேனோ, அதுதான் கல்லாக வந்து கிண்ணத்தில் உட்கார்ந்திருந்தது.

போன வருஷம் நீ பெங்களூரிலிருந்து ஒரு பெரிய நீலத் தார்ப்பாய் வாங்கி வந்தாய். தரையில் காயவைக்காதேம்மா, சாம்பல் அதிகமாக வரும் என்றாய். நான் உன்னிடம் என்ன சொன்னேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீ போய் உன் கம்ப்யூட்டரைத் துடை, களத்தை நான் கூட்டிக்கொள்கிறேன் என்றேன். செல்விக்கு முன்னால் சொன்னேன். நீ பஸ் ஏறிப் போனாய். தார்ப்பாயை நான் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகப் போட்டேன். நீ சரியாகச் சொன்னாய், நான் தப்பாகப் பேசினேன். இதை எழுத எனக்கு இந்தத் தாளில் மூன்று வரிதான் ஆயிற்று, ஆனால் ஒரு வருஷம் ஆகியிருக்கிறது.

இரண்டு சருவத்தையும் தூக்கிக்கொண்டு முன்பக்கம் வந்தேன். ராஜலிங்கம் கை கழுவிக்கொண்டிருந்தார். கல்லுக்குக் காரணம் இதுதான் என்று அவருக்குக் காட்டினேன். அதை அவர் வாங்கிப் பார்ப்பதற்குள் செல்வி கேட்டுவிட்டாள்.

"அக்கா, கடைசிப் பிடி வரைக்கும் கூட்டி அள்ளுங்கடின்னு சொன்னது நீதான?"

"ஆமா, நான்தான். தப்பு என்னுது" என்றேன்.

எல்லார் முன்னாலும் சொன்னேன். சொன்ன பிறகு உடம்பு லேசானதுபோல் இருந்தது. ராஜலிங்கம் சருவத்து மண்ணை விரலால் தொட்டு, வெயிலில் தூக்கிப் பார்த்தார். பதினாலு வருஷமாகப் பெல்லட் வாங்குவதாகவும், இப்படிக் கழுவிக் காட்டி எங்கள் சரக்கில் மண் இருக்கிறது என்று எந்தக் கம்பெனிக்காரரும் தன்னிடம் சொன்னதில்லை என்றும் சொன்னார். நான் திருப்பி வந்த மூட்டையைக் காட்டி, இதை ஒருமுறை எரித்துப் பாருங்கள், இதுவும் நின்றுபோனால் நானே அடுப்பை வண்டியில் ஏற்றிவிடுகிறேன் என்றேன். டிரைவர் மணியைப் பார்த்தார். அவர் டிரைவரைப் பார்த்து, நாளைக்குப் போகலாம்பா என்றார்.

மூன்று மணிக்குப் பற்றவைத்தோம். தீ உயரமாக எழும்பவில்லை. கிண்ணத்துக்குமேல் நான்கு விரல் உயரம், மஞ்சளாக, ஆடாமல் நின்றது. செல்வி நம்பிக்கையில்லாமல் உதட்டைப் பிதுக்கினாள். நான்கு மணிக்கும் அதே நான்கு விரல். அறையைச் சூடாக்கும் அடுப்பு என்றால் என்ன என்று எங்களுக்கு அப்போதுதான் நன்றாகப் புரிந்தது. ஷெட்டுக்குள் ஒருவரும் நிற்க முடியவில்லை. புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் யாரும் வெளியே போகவில்லை. நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூட வந்து எட்டிப் பார்த்தார்கள். சித்திரையில் ஆறு பொம்பளைகள் கணப்பைச் சுற்றி உட்கார்ந்து குளிர் காய்வதைப் பார்த்தால் வேறென்ன நினைப்பார்கள்? ஒரு பெரியவர் பர்வீனிடம், யாருக்கும்மா காய்ச்சல் என்று விசாரித்தார். இந்த அடுப்புக்குத்தான் ஐயா, இறங்கக் கூடாதுன்னு வேண்டிக்கினு இருக்கறோம் என்றாள் அவள்.

ஐந்து மணிக்கும் நிற்கவில்லை. ஐம்பது நிமிடம் தாண்டியபோதே நான் மூச்சு விட்டிருக்க வேண்டும், ஆனால் தொட்டி காலியாகும் வரை எழுந்திருக்கவில்லை. ஆறேகாலுக்குக் கடைசிப் பெல்லட்டும் விழுந்து எரிந்து, தீ தானாக அடங்கியது. சிவப்பு விளக்கு வரவில்லை. பீப் சத்தம் வரவில்லை. சூடு ஆறியதும் அவர் கிண்ணத்தை எடுத்துக் கவிழ்த்தார். திருநீறுபோலச் சாம்பல் கொட்டியது. கண்ணாடியை விரலால் தடவினார், மெல்லிய வெண்மைதான் ஒட்டியது. மோந்து பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தார். அதே அளவு பைன் பெல்லட்டை எரித்த சாம்பல் அதில் இருந்தது. நம் சாம்பலை இன்னொரு பாட்டிலில் போட்டுப் பக்கத்தில் வைத்தார். நம்முடையது கொஞ்சம் அதிகம். உண்மையை எழுதுகிறேன் என்று சொன்னேன் இல்லையா? பைன்தான் முதல், நாம் இரண்டாவது. நோட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

"வாரம் ஒரு தடவை சாம்பலைத் தட்டினாப் போதும், இதை என் வீட்டிலேயே எரிப்பேன்" என்றார் அவர். "தோல் கலக்காம, தரையில படாம, ஒவ்வொரு மூட்டையும் இப்படியே தர முடியுமாம்மா?"

நான் பர்வீனைப் பார்த்தேன், செல்வியைப் பார்த்தேன். முடியும் என்றேன். ஆவணியிலிருந்து ஏற்றிவிடுங்கள் என்றார்.

செல்வி என்னைத் தூக்கிவிட்டாள், இளங்கோ. நிஜமாகவே இடுப்பைப் பிடித்துத் தூக்கிச் சுற்றினாள். நாற்பத்தேழு வயதுப் பொம்பளையை அப்படித் தூக்கலாமா? பர்வீன் அழுதாள். மற்றவர்கள் மூன்று பேரும் மிச்சமிருந்த பிரிஞ்சியைக் கேரியரோடு வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நான் அழவில்லை. எனக்குச் சத்தமாகச் சிரிக்கத்தான் வந்தது. அப்பா இறந்த பிறகு அவ்வளவு சத்தமாக நான் சிரித்து நீ கேட்டிருக்க மாட்டாய். ராஜலிங்கம் அடுப்பை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஒவ்வொரு தடவை சரக்குச் செய்யும்போதும் முதல் மூட்டையை எரித்துப் பார்த்து, சாம்பலைப் பாட்டிலில் போட்டு அனுப்ப வேண்டும். நல்லதோ கெட்டதோ, வந்ததை வந்தபடி அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில் நான் முதலில் செய்த வேலை, மொட்டைமாடிக்குப் போய் உன் நீலத் தார்ப்பாயை எடுத்துக் கழுவியது. இன்னும் நான்கு வாங்க வேண்டும். கல்யாணத்துக்கு வரும்போது எனக்குப் பட்டுப்புடவை வேண்டாம், அதே அளவில் நான்கு தார்ப்பாய் வாங்கி வா.

ஆகவே நான் பெங்களூர் வரவில்லை. உன்மேல் கோபம் இல்லை, காவ்யாமேல் தயக்கமும் இல்லை. ஆவணிக்கு முன் வேலை குறைந்தால் பத்து நாள் வந்து, அந்தப் பால்கனியில் உட்கார்ந்து என் பாடத்தைப் படித்துவிட்டு வருவேன். ஆனால் குடியிருக்க வர மாட்டேன். எனக்கு இங்கே வேலை இருக்கிறது, பரீட்சை இருக்கிறது, என்னை நம்பி ஐந்து பேர் இருக்கிறார்கள். நீ என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தது எனக்குப் பெருமை. அதற்கு அவசியம் இல்லாமல் போனது இன்னும் பெரிய பெருமை. இதை நீ வருத்தப்படாமல் படிக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முன் அம்மாவிடமிருந்து ஏதாவது புத்திமதி வேண்டுமென்றால் என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. நீயும் காவ்யாவும் சேர்ந்து நடத்தப் போகிற வீட்டில் ஏதாவது ஒன்று ஒருநாள் நின்றுபோகும். நிற்காத வீடு இல்லை. அப்போது பத்து என்று எழுதிவிடாதே. மூன்றுதான் முளைத்தது என்றால் அவளிடம் மூன்று என்றே சொல். அவள் சொன்னாலும் கேள். நீ ஆறாம் வகுப்பில் கேட்டாயே, அந்த ஏழு என்ன ஆச்சு என்று, அதை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து தேடுங்கள். யார் கூட்டி அள்ளியது என்று அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம். பாதி நேரம் அது நீயாகத்தான் இருக்கும். நீ என் பிள்ளை, எனக்குத் தெரியும்.

இதை ஷெட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இன்று வெறும் மரத்தூளில் முதல் நாள் வேலை. மாலை வரை மெஷின் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. பேப்பர் தீர்ந்து, செய்முறை நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். மூட்டையெல்லாம் அடுக்கியாயிற்று. பர்வீன் கோட்டக்குப்பம் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். செல்வி வாசலில் நின்று, காலையில ஆறு மணிக்கு மெஷினைப் போடணும்னு நீயே சொல்லிட்டு இப்படி எழுதிக்கினு இருந்தா எப்படிக்கா, ஜல்தி வா என்று நச்சரிக்கிறாள். இரண்டு வரிதாண்டி என்றேன். இது மூன்றாவது வரி. அவள் கேட்கவில்லை, லைட்டை அணைத்துவிட்டாள்.